ஒத்தியா, வாடகையா, அடிமனையா?

மாவட்டத் தலைநகர் விருதுநகர்தான். ஆனால் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்தில் ஒரு வீட்டுத் தகராறு முற்றி மேல்முறையீடு வரைக்கும் போனால், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் பஸ் ஏறி ஆண்டாள் ஊருக்கு வந்தாக வேண்டும். வாய்தா வாங்கிக்கொண்டு கையில் பையோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பேச்சு ஒன்று "அண்ணாச்சி, வீட்டுக்காரர் பணத்தைத் தரமாட்டேங்கிறார்" என்று தொடங்கும். இல்லையென்றால், "குடியிருக்கிறவன் காலி பண்ண மாட்டேங்கிறான்."

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "வாடகைக்கா, ஒத்திக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதானே அண்ணாச்சி. அவர் வீட்டுல நான் இருக்கேன்."

ஒன்று இல்லை தம்பி. வாடகைக்கு ஒரு சட்டம், ஒத்திக்கு வேறு சட்டம், கோயில் மனைக்கு மூன்றாவது ஒன்று. தட்ட வேண்டிய கதவும் வேறு வேறு. கதவு மாறித் தட்டியவர்கள்தான் வருஷக்கணக்கில் அலைகிறார்கள். டீ ஆறுவதற்குள் முடிகிற விஷயமில்லை, இன்னொன்று சொல்லிக்கொள்ளலாம்.

வாடகையிலிருந்து ஆரம்பிப்போம். 1960-ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத்தான் இன்னும் பலர் மனசில் வைத்திருக்கிறார்கள். 'நியாய வாடகை' என்று நீதிமன்றமே தொகை நிர்ணயித்த காலம் அது. அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவருடைய உரிமையையும் பொறுப்பையும் ஒன்றாகச் சொல்லும் சட்டம். அதன்படி வாடகை எவ்வளவு என்பது இருவரும் பேசி எழுதிக்கொள்வதுதான், அரசு தலையிடாது. ஆனால் எழுதிக்கொள்ள வேண்டும். வாய்ச்சொல் போதாது. எழுதியதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் துணை ஆட்சியர் பதவிக்குக் குறையாத ஒருவரை ஆட்சியர் இதற்கென்று நியமிக்கிறார். பதிவுக்கு அரசின் இணையதளமே இருக்கிறது.

இங்கே எல்லோரும் கேட்பது: "பதினோரு மாசத்துக்குத்தானே எழுதியிருக்கோம், அதுக்கெதுக்குப் பதிவு?"

பதினோரு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் குழப்பம் தீரும். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டமும் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமும் ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திர ஆபீசில் பதிய வேண்டும் என்கின்றன. அந்தச் செலவைத் தவிர்க்க ஊரே கண்டுபிடித்த வழிதான் பதினோரு மாதம். முத்திரைத்தாளில் டைப் அடித்து, இரண்டு சாட்சிக் கையெழுத்து, முடிந்தது. பத்திர ஆபீசைப் பொறுத்தவரை அந்த வழி இன்றும் செல்லும். புதுச் சட்டம் கேட்பது வேறு பதிவு; அது சார்பதிவாளரிடம் இல்லை, வாடகை அதிகாரியிடம். பதினோரு மாதமாக இருந்தாலும் ஆறு மாதமாக இருந்தாலும் அங்கே காட்டியாக வேண்டும். காட்டாத காகிதத்தை நாளைக்கு வழக்கில் நீட்டினால் சாட்சியமாக ஏற்கக்கூடாது என்று சட்டத்திலேயே திருத்தம் போட்டு எழுதிவைத்திருக்கிறார்கள்.

பதிவு செய்தால் வீட்டுக்காரருக்குத்தான் லாபம், நமக்கென்ன என்று குடியிருப்பவர்கள் நினைக்கிறார்கள். வரி ஏறிவிடும், நமக்கெதற்கு வம்பு என்று வீட்டுக்காரர்கள் நினைக்கிறார்கள். ஆக இருவரும் சேர்ந்து பேசாமல் இருந்துவிடுகிறார்கள். சட்டம் வந்தபோது பழைய வாய்மொழி வாடகைகளை எழுத்தாக்கிக்கொள்ளக் கெடு கொடுத்தார்கள். அதை நீட்டி நீட்டி 575 நாள் ஆக்கினார்கள். அதுவும் 2020-லேயே முடிந்துபோனது. இதில் குடியிருப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒப்பந்தம் எழுதிக்கொள்ளத் தவறியதையே காலி செய்யக் கேட்பதற்கு ஒரு காரணமாகச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. வாடகை பாக்கி இல்லாமல், வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, பத்து வருஷம் நல்ல பேரோடு இருந்தவர்கூட இந்த ஒரு காரணத்தில் மாட்டலாம். இந்தப் பிரிவு கொஞ்சம் கடுமையானது என்பது என் கட்சி. எழுத மறுத்தவர் வீட்டுக்காரராகவே இருந்தாலும் சட்டத்தின் வார்த்தைகள் இருவரையும் சேர்த்தே சொல்கின்றன. அதனால் ஒப்பந்தம் கேட்டு ஒரு கடிதமாவது எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அதே 21-ஆம் பிரிவில் மற்ற காரணங்களும் இருக்கின்றன. இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்து, நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாமல் இருப்பது. எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடுவது. குடியிருக்க வாங்கிய வீட்டில் தறி போடுவது மாதிரி, வாங்கின காரியத்தை விட்டு வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது. பெரிய மராமத்து, இடித்துக் கட்டுவது. வீட்டுக்காரருக்கோ அவர் குடும்பத்துக்கோ சொந்தத் தேவை. மகனுக்குக் கல்யாணம் ஆகிறது, தனிக்குடித்தனம் வைக்க வேண்டும் என்பது செல்லுபடியாகும் காரணம்தான். ஆனால் இவற்றில் எதுவானாலும் வாடகை நீதிமன்றம் உத்தரவிட்டால்தான் காலி செய்ய வேண்டும்.

"அண்ணாச்சி, வேலைக்குப் போயிட்டு வந்து பாத்தா வேற பூட்டுத் தொங்குது."

அதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. பூட்டை மாற்றுவதும், மோட்டார் சுவிட்சை அணைத்துத் தண்ணீரை நிறுத்துவதும், பியூஸைப் பிடுங்குவதும் குற்றம் சொல்லத்தக்க காரியங்கள். தண்ணீர், கரண்ட் போன்றவற்றை வீட்டுக்காரரும் நிறுத்தக்கூடாது, குடியிருப்பவரும் நிறுத்தக்கூடாது என்கிறது 20-ஆம் பிரிவு. வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்தால் உடனே திரும்பக் கொடுக்கச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. வெளியே தள்ளிப் பூட்டியே விட்டார் என்றால் 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தில் 6-ஆம் பிரிவு இருக்கிறது. வீடு யாருக்குச் சொந்தம் என்ற விசாரணைக்கே போகாமல், சட்ட வழியில்லாமல் வெளியேற்றினார்களா என்பதை மட்டும் பார்த்து உள்ளே விடச் சொல்லலாம். ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். ஆறு மாதம் சொந்தக்காரர் வீட்டில் இருந்து பார்த்துவிட்டு, பிறகு யோசிக்கலாம் என்றால் அந்த வழி அடைபட்டுவிடும்.

அட்வான்ஸ் விஷயம். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். சட்டத்தில் அந்த வரிக்கு முன்னால் சின்னதாக இன்னொன்று இருக்கிறது: ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை. ஆறு மாத அட்வான்ஸுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு சட்டத்தைக் காட்ட முடியாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்து, மீதியைக் கொடுத்துவிட வேண்டும். எதைக் கழிப்பது என்பதில்தான் சண்டை. "பெயிண்ட் அடிக்க ஒரு மாச வாடகை" என்று கழிப்பது இந்தப் பக்கம் வழக்கமாகிவிட்டது. சட்டத்தின் இரண்டாவது அட்டவணையைப் பார்த்தால் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் வீட்டுக்காரர் கணக்கில் இருக்கின்றன. பைப் லைன் மாற்றுவது, வயரிங் மாற்றுவது, கட்டட மராமத்து எல்லாம் அவருடையவை. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு இவை குடியிருப்பவருடையவை. ஒப்பந்தத்தில் மாற்றி எழுதியிருந்தால் எழுதியபடி. வீட்டுக்காரர் தன் பங்கு மராமத்தைச் செய்யாமல் இழுத்தால் நீங்களே செய்து வாடகையில் பிடித்துக்கொள்ளலாம்; ஒரு மாத வாடகையில் பாதிக்கு மேல் பிடிக்கக்கூடாது. கொத்தனாரிடமும் எலக்ட்ரீசியனிடமும் துண்டுச் சீட்டாவது வாங்கி வையுங்கள்.

கரண்ட் பில்லைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016-லிருந்து இருக்கிறது. லைன் வீடுகளில் சப்-மீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே ஒரே ரேட்டில் வசூலிக்கிறார்கள். அரசு கொடுத்த சலுகை யார் பையில் விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். யூனிட் ரேட் என்ன, பொது மோட்டார் செலவு எப்படிப் பங்கு, எல்லாவற்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வதுதான் வழி.

வாடகையை வாங்க மறுக்கும் வீட்டுக்காரரும் உண்டு. வாங்காமல் இருந்து, பிறகு "பாக்கி வைத்துவிட்டான்" என்று வழக்குப் போடுவது பழைய தந்திரம். மணியார்டரில் அனுப்புங்கள், அடுத்தடுத்து இரண்டு மாதம் திரும்பி வந்தால் வாடகை அதிகாரியிடம் கட்டலாம்.

குடியிருப்பவர் பக்கமே பேசிக்கொண்டிருப்பதாகத் தோன்றலாம். புருஷன் போன பிறகு இரண்டு லைன் வீட்டு வாடகையில் ஜீவனம் நடத்தும் ஆச்சிகளும் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய பயம் ஒன்றே ஒன்று: "பன்னிரண்டு வருஷம் இருந்துட்டா வீடு அவனுக்காமே!" அது வதந்தி, ஆச்சி. எதிரிடை அனுபோகம் என்பது உரிமையாளரை மறுத்து, அவருக்கு எதிராக வெளிப்படையாக அனுபவிப்பது. வாடகை கொடுத்து உள்ளே வந்தவர், அதே வாடகைதாரராக இருந்துகொண்டு "இவர் ஓனரே இல்லை" என்று சொல்ல முடியாது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலேயே அதற்குத் தடை இருந்தது. 2024 ஜூலையில் வந்த புதுச் சாட்சியச் சட்டத்திலும் இருக்கிறது. இருபது வருஷம் இருந்தாலும் வாடகைதாரர் வாடகைதாரர்தான். ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையை மட்டும் எறிந்துவிடாதீர்கள். கெடு முடிந்த பிறகும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் இருந்தால் அதே நிபந்தனைகளில் மாதாமாதம் நீளும், அதிகம் போனால் ஆறு மாதம். வாடகையை ஏற்ற வேண்டுமென்றால் மூன்று மாதம் முன்னால் எழுத்தில் தெரிவியுங்கள். வீட்டைப் பார்க்கப் போவதானால் 24 மணி நேரம் முன்னால் சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் வீடே ஆனாலும்.

இதெல்லாம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள். கிராம ஊராட்சியில் இருக்கும் வீட்டுக்குப் பழைய 1882 சட்டம்தான். மாத வாடகையை முடிக்கப் பதினைந்து நாள் நோட்டீஸ், பிறகு உரிமையியல் நீதிமன்றம். ஊருக்கு வெளியே புதுசு புதுசாக நகர் பேர் வைத்து மனை போட்டிருக்கிறார்களே, அங்கே குடிபோகிறவர்கள் எந்த எல்லை என்று வீட்டு வரி ரசீதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இனி ஒத்தி. இந்தப் பக்கத்தின் உண்மையான தலைவலி இதுதான், மெதுவாகவே பேச வேண்டியிருக்கிறது. மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். வாடகை கிடையாது, பணத்துக்கு வட்டியும் கிடையாது. இரண்டோ மூன்றோ வருஷம் கழித்துப் பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டை விட வேண்டும். மில் வேலையிலிருந்து வந்த செட்டில்மென்ட் பணத்தை, நகையை விற்ற பணத்தை இப்படி ஒத்தியில் போட்டுவிட்டு வாடகைக் கவலை இல்லாமல் இருப்பவர்கள் ராஜபாளையத்தில் ஏராளம். சென்னையில் இதையே 'லீஸ்' என்கிறார்கள்; சட்டப்படி இது லீஸே இல்லை. அடமானம். வீட்டை உங்கள் அனுபவத்தில் ஒப்படைத்து, அந்த அனுபவத்தையே வட்டிக்கு ஈடாக வைத்துக்கொள்ளும் அடமானம் என்று சொத்து மாற்றச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு இதற்கு இலக்கணம் சொல்கிறது.

அடமானம் என்று ஒப்புக்கொண்டால் ஒத்திக்காரருக்குக் கிடைக்கும் பலம் பெரிது. பணம் கைக்கு வரும்வரை வீட்டை விட வேண்டியதில்லை. வீட்டுக்காரர் விற்றாலும் வாங்கியவர் ஒத்தியோடுதான் வாங்குகிறார். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அடமானத் தொகை 100 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் இந்த வகை அடமானம் பதிவுசெய்த பத்திரமாக இருக்க வேண்டும். 100 ரூபாய்! அந்தக் காலத்துத் தொகை அப்படியே நிற்கிறது. ஆகவே இன்றைக்கு ஒவ்வொரு ஒத்தியும் பத்திர ஆபீசுக்குப் போயாக வேண்டும். யார் போகிறார்கள்? முத்திரைத் தீர்வை தொகைக்குத் தக்கபடி ஏறும் என்பதால், ஐந்து லட்ச ரூபாய் ஒத்தியைச் சின்ன முத்திரைத்தாளில் 'வாடகை ஒப்பந்தம்' என்று தலைப்புப் போட்டு எழுதிவிடுகிறார்கள். அல்லது ஒரு புரோ நோட்டு. விளைவு, பணம் கொடுத்தவர் ஒத்திக்காரரும் இல்லை, முழு வாடகைதாரரும் இல்லை.

இதில் விழும் அடி எப்படிப்பட்டது என்று பாருங்கள். வீட்டுக்காரர் ஏற்கெனவே வங்கியில் அசல் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார். தவணை கட்டவில்லை. அந்தப் பாக்கியைச் சமாளிக்கத்தான் ஒத்திப் பணமே வாங்கினார். இரண்டு வருஷம் கழித்து வங்கி அதிகாரிகள் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டைக் கைப்பற்ற நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். முதலில் வைத்த அடமானத்துக்குத்தான் முதல் உரிமை. ஐந்து லட்சம் கொடுத்தவர் வெளியே போய், வீட்டுக்காரர் மேல் தனியாகப் பணத்துக்கு வழக்குப் போட வேண்டும். அதற்கும் மூன்று வருஷக் காலவரம்பு உண்டு.

"அப்ப என்ன செய்யணும் அண்ணாச்சி?"

பணம் எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் வில்லங்கம் போட்டுப் பாருங்கள், தம்பி. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் காசில்லாமல் பார்க்கலாம். வங்கியில் பத்திரம் ஒப்படைத்ததாகப் பதிவு தென்பட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். எந்தப் பதிவும் இல்லாவிட்டாலும் அசல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். ஜெராக்ஸ் காட்டி, "அசல் அண்ணன் வீட்டுல இருக்கு" என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். தொகையை வங்கி வழியாகவே கொடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடனாகவோ டெபாசிட்டாகவோ வாங்கினால், வாங்கினவருக்கு அதே அளவு அபராதம் விழ வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதைச் சொன்னாலே பல வீட்டுக்காரர்கள் செக் வாங்கச் சம்மதிப்பார்கள். பிறகு பத்திர ஆபீஸ். தீர்வைச் செலவை இருவரும் பங்கிட்டுக்கொள்ளலாம். ஐந்து லட்சத்தைக் காப்பாற்ற ஆகும் செலவு அது.

வீட்டுக்காரர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். கெடு தாண்டிப்போனால் வீடு ஒத்திக்காரருக்கே போய்விடும் என்று பத்திரத்தில் எழுதியிருந்தாலும் அது செல்லாது. பணத்தைக் கட்டினால் வீடு திரும்ப வரும். மீட்க வழக்குப் போட 30 வருஷம் அவகாசம். ஒத்திக்காரர் ஓட்டை ஒழுக விட்டுவிட்டு, "என் வீடா?" என்று கேட்கவும் முடியாது. அனுபவத்தில் வைத்திருப்பவர் சொந்த வீட்டைப் போலப் பராமரிக்க வேண்டும் என்பது 76-ஆம் பிரிவு.

மூன்றாவது, கோயில் மனை. ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற கோயில் ஊர்களில் மண் கோயிலுக்கும் மேலே நிற்கும் சுவர் குடியிருப்பவருக்கும் சொந்தமாக இருப்பதுண்டு. மாதாமாதம் கட்டுவது அடிமனை வாடகை. 1921-ல் வந்த நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், இப்படிக் கட்டிக்கொண்டவர்கள் மனையை விலைக்குக் கேட்க ஒரு வழி வைத்திருந்தது. 1996-ல் திருத்தம் வந்து சமய நிறுவனங்களின் நிலத்துக்கு அந்த வழியை மூடினார்கள். உச்ச நீதிமன்றமும் 2005-ல் மயிலாப்பூர் கிளப் வழக்கில் அது சரி என்றது. ஆகவே "தாத்தா காலத்திலிருந்து இருக்கோம், கிரயம் பண்ணிக்கலாம்" என்று யாராவது புரோக்கர் சொன்னால் அவருக்குக் கமிஷன் கொடுத்துவிடாதீர்கள்.

கோயில் சொத்தின் வாடகையை நிர்ணயிப்பது 1959-ஆம் ஆண்டு அறநிலையத்துறைச் சட்டத்தின் 34-ஏ பிரிவு. இணை ஆணையர் உள்ளிட்ட குழு ஒன்று சந்தை மதிப்பைப் பார்த்து முடிவு செய்கிறது. தொகை அதிகம் என்றால் 30 நாளுக்குள் ஆணையருக்கு மேல்முறையீடு செய்ய வேண்டும். வாடகை நீதிமன்றத்தில் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குத்தகை ரத்தானபின் உள்ளே இருப்பவரைச் சட்டம் ஆக்கிரமிப்பாளர் என்றே அழைக்கிறது. கோயில் கடையைக் குத்தகைக்கு எடுத்தவரிடமிருந்து பகடி கொடுத்து உள்வாடகைக்கு வாங்கியவர் நிலை இன்னும் மோசம்; அவர் பேரே கோயில் கணக்கில் இருக்காது. பன்னிரண்டு வருஷக் கதை இங்கே அறவே செல்லாது. கோயில் நிலத்தை மீட்பதற்குக் காலவரம்பே கிடையாது.

வக்கீல் வைக்க வசதியில்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். பணப் பாக்கியில் சமரசத்துக்கு இடமிருந்தால் லோக் அதாலத்துக்குப் போங்கள். அங்கே எழுதும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் இல்லை, கட்டிய கோர்ட் ஸ்டாம்ப் தொகையும் திரும்பக் கிடைக்கும். இலவச வக்கீல் பெற 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சிலருக்கு வருமானமே பார்ப்பதில்லை: பெண்கள், தாழ்த்தப்பட்டவர்கள், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள். ராஜபாளையத்தில் மில்லுக்குப் போகிற ஒவ்வொருவரும் இந்தப் பட்டியலில் இருக்கிறார்.